திரும்பி வருவேன் என்பதற்கான தாள்கள்

புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிப் பிரெஞ்சுத் துணைத் தூதரகம் இருக்கிறது. வெள்ளை நகரத்தின் தெருப் பலகைகளில் பிரெஞ்சுப் பெயர்கள் இருக்கின்றன. பிரான்சின் தேசிய நாளான ஜூலை 14 அன்று மார்பில் பதக்கம் அணிந்த முதியவர்கள் போர் நினைவுச் சின்னத்தின் முன் கூடுகிறார்கள். ஆகவே புதுச்சேரிக்காரர்களுக்குப் பிரான்சு விசா எளிதில் கிடைத்துவிடும் என்று கடலூரிலும் விழுப்புரத்திலும் உள்ள எங்கள் உறவினர்கள் உறுதியாக நம்புகிறார்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் புதுச்சேரிக்காரருக்கும் பண்ருட்டிக்காரருக்கும் விசா விதிகளில் எள்ளளவும் வேறுபாடு கிடையாது. இருவருக்கும் அதே படிவம், அதே கட்டணம், அதே கைரேகை. சென்ற ஆண்டு மே மாத விடுமுறையில் என் கணவரும் அம்மாவும் நானும் பிரான்சுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் சென்று வந்தோம். பயணத்தைப் பற்றி எழுதுவதற்குப் பலர் இருக்கிறார்கள். அதற்கு முந்தைய மாதங்களில் எங்கள் சாப்பாட்டு மேசையை விட்டு அகலாமல் கிடந்த விசாக் கோப்பைப் பற்றி மட்டுமே நான் எழுதப் போகிறேன்.

விண்ணப்பப் படிவம் நீளமானதாக இருந்தாலும், விசா அதிகாரி அதில் விடை தேடும் கேள்விகள் மிகச் சிலவே. அவற்றுள் எல்லாவற்றையும்விடக் கனமானது, இவர் சொன்ன நாளில் ஊருக்குத் திரும்புவாரா என்பதுதான். விசா காலம் முடிவதற்குள் வெளியேறும் எண்ணம் விண்ணப்பதாரருக்கு உண்டா என்று ஆராயுமாறு ஐரோப்பிய ஒன்றியத்தின் விசா விதித்தொகுப்பு அதிகாரிக்கு வெளிப்படையாகவே கட்டளையிடுகிறது. அமெரிக்கச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், சுற்றுலா விசா கேட்டு வரும் ஒவ்வொருவரையும், அவர் தம் தரப்பை மெய்ப்பிக்கும் வரையில், குடியேற வந்தவராகவே கருத வேண்டும் என்கிறது. சென்னையில் அண்ணா சாலை மேம்பாலத்தருகே வரிசையில் நிற்பவர்கள் சில நிமிட நேர்காணலில் அந்த ஊகத்தைத்தான் உடைத்தாக வேண்டும். இதை அம்மாவுக்கு விளக்கியபோது அவருக்குக் கோபமே வந்துவிட்டது. “நான் எதுக்குடி அங்கயே தங்கப் போறேன்? அந்தக் குளிர்ல ஒரு மாசம் என்னால இருக்க முடியுமா? இங்க வீடு இருக்கு, உங்கப்பா பென்ஷன் வருது, தம்பி பிள்ளைங்க இருக்காங்க” என்றார். கோபத்தில் அவர் அடுக்கிய மூன்றும் விசா அதிகாரிகள் கேட்டு வாங்கும் காரணங்களேதாம். அந்த மூன்றுக்கும் தாள் தேடுவதே எங்கள் வேலையாயிற்று.

அம்மாவின் கோபத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. அவர் பிறந்த 1950-இல் புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. நிர்வாகம் 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவின் கைக்கு வந்தது. ஒப்படைப்பு ஒப்பந்தம் 1956 மே 28 அன்று கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து ஆறு மாதங்களுக்குள் எழுத்து மூலம் விருப்பம் தெரிவித்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருந்துகொள்ளலாம், தெரிவிக்காதவர்கள் இந்தியக் குடிமக்கள் என்பது அந்த ஒப்பந்தத்தின் ஏற்பாடு. என் தாத்தா விருப்பம் தெரிவிக்கவில்லை. பின்னாளில் அம்மாவின் தங்கை, எங்கள் சித்தி, இங்கே ‘சொல்தா’ குடும்பம் என்று அழைக்கப்படும் பிரெஞ்சு இராணுவக் குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டுப் பாரிசின் வடக்குப் புறநகரான சார்செலுக்குக் குடிபோனார். ஒரே வீட்டில் பிறந்த இருவரில் ஒருவர் மற்றவரைப் பார்க்க வேண்டுமானால் விசா வேண்டும் என்ற நிலை அப்படித்தான் வந்தது. இது ஒருவழிப் பாதையன்று என்பதையும் சொல்ல வேண்டும். பிரெஞ்சுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் சித்தியும், தாம் பிறந்த ஊருக்கு வர, இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வாங்கித்தான் வருகிறார்; அந்த அட்டை இல்லாத அவருடைய பிரெஞ்சு மருமகள் ஒவ்வொரு முறையும் இணையவழி விசா எடுக்கிறார். ஆனால் மருமகள் அதை வீட்டில் உட்கார்ந்தபடியே கணினியில் முடித்துவிடுகிறார். அம்மாவோ எழுபது வயதைத் தாண்டிய பின்னும் நேரில் போய்ப் பத்து விரல்களையும் பதிக்க வேண்டும்.

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதிலேயே பலர் தடுமாறுகிறார்கள். ஐரோப்பாவில் பொதுவான விசாவை ஏற்கும் ஷெங்கன் வட்டத்தில் இப்போது 29 நாடுகள் உள்ளன. ஒரு நாட்டின் விசா இருந்தால் மற்றவற்றுக்கும் செல்லலாம். அதற்காக முன்பதிவு எளிதாகக் கிடைக்கும் நாட்டிடம் விசா வாங்கிக்கொண்டு வேறு நாட்டில் விடுமுறையைக் கழிக்கலாம் என்பது விதிக்கு மாறானது. எந்த நாடு பயணத்தின் முதன்மையான இலக்கோ, அதாவது எங்கே அதிக நாள் தங்குகிறோமோ, அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாள்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். எங்களுக்குப் பெரும்பாலான இரவுகள் பிரான்சில் என்பதால் குழப்பம் எழவில்லை. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கன் வட்டத்தில் இருக்கிறது; அயர்லாந்து ஒன்றியத்தில் இருந்தும் வட்டத்தில் இல்லை. கணவர் இடையில் லண்டனையும் சேர்க்கலாம் என்று ஆசைப்பட்டார். பாரிசிலிருந்து கடலடிச் சுரங்கத்தின் வழியே இரண்டேகால் மணி நேர இரயில் பயணம்தான் என்றாலும், பிரிட்டனுக்குத் தனி விசா, தனிக் கட்டணம், தனிக் கோப்பு. போதாக்குறைக்கு, லண்டன் போய்விட்டுப் பாரிசுக்குத் திரும்புவதானால் ஷெங்கன் விசாவில் ஒரு முறைக்கு மேல் நுழையும் அனுமதியும் இருக்க வேண்டும். ஆசையை அன்றே மடித்து வைத்தோம்.

பெயர் விவகாரத்தில்தான் நாங்கள் அதிக நாள் செலவிட்டோம். தமிழர் எவரும் இதைத் தவிர்க்க முடியாது என்று நினைக்கிறேன். நமக்கு முன்னெழுத்து உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. கடவுச்சீட்டிலோ குடும்பப் பெயர் ஒரு கட்டம், இட்ட பெயர் ஒரு கட்டம். முன்னெழுத்தை விரித்துத் தந்தையின் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதுவதே பொதுவழக்கம். எங்கள் மூவர் கடவுச்சீட்டுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், அம்மாவின் குடும்பப் பெயர் என் அப்பாவின் பெயர். என் குடும்பப் பெயரும் அதுவே. என் கணவரின் குடும்பப் பெயர் என் மாமனாரின் பெயர். அதாவது, தாள்களை மட்டும் பார்க்கும் அந்நிய அதிகாரியின் கண்ணுக்கு அம்மாவும் நானும் ஒரு குடும்பம், உடன் வருபவர் யாரோ ஒருவர். எங்கள் திருமணப் பதிவுச் சான்று அதனால் மிகவும் இன்றியமையாத தாளாகிவிட்டது. திருமணத்தைப் பதிவு செய்யாமலே முப்பது ஆண்டு வாழ்ந்துவிட்ட இணைகள் நம் ஊரில் ஏராளம். வெளிநாட்டுப் பயணம் பற்றிய எண்ணம் எழும்போதே அவர்கள் முதலில் போக வேண்டிய இடம் பதிவாளர் அலுவலகம்தான்.

குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமனே விட்டவர்களின் பாடு இன்னும் சிக்கலானது. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டுடன் சுற்றுலா விசாவில் வருவோரை அனுமதிக்க முடியாது என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தபோது, துபாய்க்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த தமிழ்க் குடும்பங்கள் பல கலங்கிப் போயின. கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று பின்னர் விளக்கம் வந்தது. அமெரிக்க விசாவிலோ, ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, இட்ட பெயரின் இடத்தில் ‘முதற்பெயர் அறியப்படவில்லை’ என்னும் பொருள்படும் மூன்று எழுத்துகளை அச்சிட்டுவிடுவார்கள். அம்மாவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அவருடைய பெயர் ஓய்வூதிய ஆணையில் ‘அம்மாள்’ என்னும் ஒட்டுடனும், வங்கிக் கணக்கில் அது இல்லாமலும், வீட்டுப் பத்திரத்தில் வேறோர் எழுத்துக்கூட்டலுடனும் இருந்தது. மூன்று பெயரும் ஒருவரையே குறிப்பவை என்று வழக்கறிஞர் முன்னிலையில் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி இணைத்தோம். வியப்பு என்னவென்றால், அவர் வைத்திருந்த தாள்களிலேயே மிகவும் ஒழுங்கானது அவருடைய பிறப்புப் பதிவின் நகல்தான். பிரெஞ்சு ஆட்சிக்காலக் குடிநிலைப் பதிவேட்டிலிருந்து எடுத்தது. முழுவதும் பிரெஞ்சில் இருந்தது. மொழிபெயர்ப்புக்குக்கூட வேலை வைக்கவில்லை. சித்தியுடையதும் அதே பதிவேட்டில் இருந்ததால், இருவரும் உடன்பிறந்தவர்கள் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியிருக்கவில்லை.

பணம் பற்றிய தாள்களுக்கு வருகிறேன். பிரான்சு இதில் ஓரளவு தெளிவாகவே கணக்குச் சொல்கிறது: விடுதியில் முன்பதிவு செய்து தங்குபவர் நாளொன்றுக்கு 65 யூரோ, முன்பதிவு இல்லாதவர் 120 யூரோ, உறவினர் வீட்டில் முறைப்படியான அழைப்புச் சான்றுடன் தங்குபவர் 32.50 யூரோ தம்மிடம் உண்டு என்று காட்ட வேண்டும். நான் தனியார் பள்ளி ஆசிரியை. சம்பளச் சீட்டு, மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்ட், வருமான வரிக் கணக்கு, இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை விடுப்பு, அதன் பின் பணிக்குத் திரும்புவார் என்று பள்ளி தந்த கடிதம் ஆகியவற்றோடு என் பகுதி முடிந்தது. மாதச் சம்பளக்காரரின் வாழ்க்கையை விசா அதிகாரிகள் எளிதில் படித்துவிடுகிறார்கள். என் கணவர் அச்சகமும் ஜெராக்ஸ் கடையும் நடத்துகிறார். அவருடைய வாழ்க்கை அவ்வளவு நேர்க்கோட்டில் இல்லை. திருமண அழைப்பிதழ் மாதங்களில் பணம் கொட்டும். ஆடியிலும் மார்கழியிலும் கல்லாப்பெட்டி காற்றாடும். வரவில் பாதி ரொக்கம்.

நம் பக்கத்துச் சிறுவணிகர்களின் விசா இடர்கள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன. உத்தேச வருமான முறையில் வரிக்கணக்குக் கொடுப்பவர், மொத்த விற்பனையில் 8 விழுக்காட்டையும், வங்கி வழியாக வந்த பகுதிக்கு 6 விழுக்காட்டையும் வருமானமாகக் காட்டினால் சட்டப்படி போதுமானது. வரி கட்டும்போது அந்தச் சிறிய தொகை மனத்துக்கு இதமாக இருக்கிறது. அதே தொகை விசாக் கோப்பில் ஏறும்போது, ஆண்டு முழுவதற்கும் இவ்வளவே சம்பாதிப்பவர் எப்படி இத்தனை இலட்சம் செலவழித்து ஐரோப்பா போகிறார் என்ற நியாயமான கேள்வி எழுகிறது. அதிகாரி கடையை வந்து பார்க்கப் போவதில்லை. அவர் முன்னால் இருப்பது வரிக்கணக்கு மட்டுமே. என் கணவர் சில ஆண்டுகளாகவே ரொக்கத்தை வாரம் ஒருமுறை வங்கியில் கட்டிவிடும் பழக்கம் உடையவர் என்பதால், அவருடைய ஸ்டேட்மென்ட் ஏற்ற இறக்கத்தோடு இருந்தாலும் நம்பத்தகுந்ததாக இருந்தது. ஆடியில் ஏன் வரவு குறைகிறது என்பதைக் கவரிங் லெட்டரில் இரண்டு வாக்கியங்களில் எழுதினேன். ஆடியில் திருமணம் நடத்துவதில்லை என்பதை ஒரு பிரெஞ்சு அதிகாரிக்கு விளக்க நேரும் என்று நான் எதிர்பார்த்ததில்லை.

இந்த இடத்தில்தான் நாங்கள் முதலில் அணுகியிருந்த பயண முகவர் தம் கைவரிசையைக் காட்டினார். “ஸ்டேட்மென்ட் கொஞ்சம் வீக்கா இருக்கு சார். ஒரு அஞ்சு லட்சம் புரட்டி ரெண்டு வாரம் அக்கவுண்ட்ல போட்டு வைங்க, விசா வந்ததும் எடுத்துக் குடுத்துடலாம்” என்றார். இது நம் ஊரில் பரவலாக வழங்கும் அறிவுரை, பலனில்லாத அறிவுரையும்கூட. மூன்று மாத ஸ்டேட்மென்ட்டைக் கேட்பதன் நோக்கமே பணம் எப்படி வந்து எப்படிப் போகிறது என்று பார்ப்பதுதான். மூன்று மாதமும் எழுபதாயிரத்தைச் சுற்றியே நகர்ந்த கணக்கில் விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் ஐந்து இலட்சம் வந்து விழுந்தால், அது பரீட்சைக்கு முந்தின இரவு வாங்கிய கோனார் உரையைப் போலப் புதுக்கருக்கு மாறாமல் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். உண்மையிலேயே பெருந்தொகை வந்திருந்தால், நிலம் விற்றதோ சீட்டு முடிந்ததோ, அதற்கான தாளை இணைத்துவிட்டால் பிழையில்லை. முகவர் தயாராக வைத்திருந்த கவரிங் லெட்டரும் எனக்கு ஒப்பவில்லை. ஊர்ப் பெயரையும் தேதியையும் மாற்றினால் எவருக்கும் பொருந்தக்கூடிய, புகழ்ச்சி மிகுந்த இரண்டு பக்கங்கள். யார் போகிறோம், எதற்கு, எங்கே தங்குகிறோம், செலவு யாருடையது, எப்போது திரும்புகிறோம், ஏன் திரும்பியாக வேண்டும் என்பதை ஒரு பக்கத்தில் நானே எழுதினேன். முகவர்கள் எல்லாரையும் நான் குறை கூறவில்லை. சிங்கப்பூர் விசாவைப் போல அங்கீகரிக்கப்பட்ட முகவர் வழியாகவே பலர் வாங்கும் விசாக்களும் உண்டு. ஆனால் நம் வாழ்க்கையின் கணக்கை நமக்குப் பதிலாக இன்னொருவர் எழுதினால், அதில் நமக்கே தெரியாத வாக்கியங்கள் நுழைந்துவிடுகின்றன; நாளை எல்லையில் ஒருவர் கேள்வி கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் முகவர் அல்லர்.

பயணத்தின் முதற்பகுதியில் சித்தி வீட்டில் தங்குவதாக இருந்ததால், அவர் தம் ஊர் மேரிக்கு, அதாவது நகராட்சி அலுவலகத்துக்குப் போய் ‘அத்தெஸ்தாசியோன் தாக்கேய்’ என்னும் அழைப்புச் சான்றை வாங்க வேண்டியிருந்தது. கடற்கரைச் சாலையில் 2014 நவம்பர் மழையில் இடிந்து, பின்னர் பழைய வடிவிலேயே எழுப்பப்பட்ட கட்டடத்தை மேரி என்றே அழைத்துப் பழகிய புதுச்சேரிக்காரர்களுக்கு அந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. உறவினர் கையால் எழுதிய அழைப்புக் கடிதம் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள், போதாது. அழைப்பவர் தம் அடையாளம், வீட்டு உரிமை அல்லது வாடகை ஒப்பந்தம், வருமானம், விருந்தினரைத் தங்கவைக்கப் போதுமான இடம் ஆகியவற்றை நகராட்சிக்குக் காட்டி, முத்திரைக் கட்டணம் செலுத்தி வாங்கும் அலுவல்முறைச் சான்று அது. அதன் மூலப்படியே இங்கு வந்து சேர வேண்டும். அந்த நகராட்சியில் நேரம் கிடைத்துச் சித்தி போய் வாங்கி, விரைவு அஞ்சலில் அனுப்பி, அது எங்கள் கைக்கு வந்து சேர்வதற்குள் எங்கள் பொறுமையின் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது. மொத்தக் கோப்பிலும் எங்கள் கையில் இல்லாத ஒரே தாள் அதுதான் என்பதால், இதைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னதாகத் தொடங்க வேண்டும் என்று பிரான்சில் உறவினர் உள்ள ஒவ்வொருவருக்கும் சொல்வேன்.

விமானச் சீட்டைப் பற்றி ஒரு சொல். விசா கைக்கு வருமுன் பணம் கட்டிச் சீட்டு வாங்க வேண்டும் என்று ஷெங்கன் விதி கேட்பதில்லை; முன்பதிவு ஒன்று போதும். காப்பீடு கட்டாயம்: குறைந்தது 30,000 யூரோ வரை மருத்துவச் செலவை ஏற்பதாகவும், ஷெங்கன் வட்டம் முழுவதற்கும் பொருந்துவதாகவும் இருக்க வேண்டும். எனக்கும் கணவருக்கும் அது சிறு தொகைதான். எழுபதைத் தாண்டிய அம்மாவுக்கோ எங்கள் இருவரின் தொகையையும் சேர்த்தாலும் எட்டாத அளவுக்கு இருந்தது. ஏற்கெனவே உள்ள இரத்த அழுத்தத்துக்கு என்னென்ன கிடைக்கும் என்பதைப் பொடி எழுத்தில் தேடிப் படிக்க வேண்டியிருந்தது. விசாவுக்காக மட்டுமே காப்பீடு எடுப்பவர்கள் மலிவானதை எடுத்துவிட்டு அதை மறந்துவிடுகிறார்கள். வயதானவர்களை அழைத்துச் செல்பவர்கள் அப்படிச் செய்யக் கூடாது என்பது என் கருத்து.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள். கோடை விடுமுறைக்கு நாடே புறப்படும் காலத்தில் ஸ்லாட் கிடைப்பதே அரிது என்பதால் பிப்ரவரியிலேயே முயன்றோம். பிரான்சின் விசா இணையதளத்தில் படிவத்தை நிரப்பி அச்செடுத்துக்கொண்டு, தூதரகத்தின் சார்பில் கோப்புகளைப் பெறும் தனியார் மையத்தில் நேரம் குறித்துக்கொண்டு நேரில் செல்ல வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது சென்னை மையம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலைப் பேருந்து பிடித்தோம். பெரியவர்களுக்கான விசாக் கட்டணம் 2024 ஜூன் 11 முதல் 90 யூரோ. அதற்கு முன் 80. ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அதில் பாதி. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டாலும் இவை எதுவும் திரும்பி வராது.

மையத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் முடிவெடுப்பவர்கள் அல்லர் என்பதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. அவர்கள் தாள்களைச் சரிபார்த்து, புகைப்படத்தையும் கைரேகையையும் பதிந்து, கோப்பைத் தூதரகத்துக்கு அனுப்புகிறார்கள், அவ்வளவுதான். அவர்களிடம் நம் பக்க நியாயத்தை விரித்துரைப்பதால் பயனில்லை. புகைப்படம் 35-க்கு 45 மில்லிமீட்டர், வெளிர்நிறப் பின்புலம், ஆறு மாதத்துக்கு உட்பட்டது. நம் ஊர் ஸ்டுடியோக்காரர்களிடம் நிறத்தைக் கூட்ட வேண்டாம், மச்சத்தை அழிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அம்மாவின் முதல் படத்தில் அவருக்கு ஐம்பது வயதுதான் ஆகியிருந்தது. கைரேகைதான் எங்களைக் கவலைப்படுத்தியது. அறுபது ஆண்டுகள் அம்மியிலும் பாத்திரம் தேய்ப்பதிலும் தேய்ந்த விரல்கள். ரேஷன் கடைக் கருவி பல மாதங்களில் அவற்றை ஏற்றுக்கொண்டதில்லை. முந்தின இரவு விரல்களில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளச் சொன்னோம். உடல்நிலை காரணமாக ரேகை எடுக்கவே முடியாதவர்களுக்கும், பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் விதித்தொகுப்பில் விலக்கு உண்டு. அதற்குத் தேவை வரவில்லை. அங்கிருந்த இளம்பெண் “பாட்டி, இன்னும் கொஞ்சம் அழுத்துங்க” என்று ஒவ்வொரு விரலாகப் பிடித்துப் பொறுமையோடு எடுத்து முடித்தார்.

வழக்கமாக 15 நாளில் முடிவு தெரிய வேண்டும். மேலும் ஆராய வேண்டியிருந்தால் 45 நாள் வரை நீளலாம். அந்தக் காத்திருப்பில் எங்களுக்குத் துணையாக வந்தவை மறுக்கப்பட்டவர்களின் கதைகள்தாம். கடலூர் முதுநகரில் உள்ள எங்கள் உறவுக்காரத் தம்பி ஒருவர், சிப்காட்டில் வேலை பார்ப்பவர், திருமணமாகாதவர், நண்பர்களுடன் ஐரோப்பா செல்ல விண்ணப்பித்து அதற்கு முந்தைய ஆண்டு மறுக்கப்பட்டிருந்தார். மறுப்பு ஒரு பொதுப் படிவமாக வருகிறது. வரிசையாகக் காரணங்கள் அச்சிடப்பட்டிருக்கும், பொருந்துவதில் குறி இருக்கும். அவருக்குக் குறியிட்டிருந்தது, விசா முடியுமுன் வெளியேறும் எண்ணத்தில் ஐயம் என்ற காரணத்தில். அவர் பணி நிரந்தரமானது. ஆனால் நிறுவனத்தின் விடுப்புக் கடிதம் கோப்பில் இல்லை, தந்தையின் பெயரில் உள்ள வீடும் நிலமும் எங்கும் குறிப்பிடப்படவில்லை, கடவுச்சீட்டில் முந்தைய பயணம் ஒன்றும் இல்லை. இளைஞர், தனியாள், முதற்பயணம் என்ற மூன்றும் சேர்ந்தால் ஐயத்தின் சுமை கூடுகிறது. அது நியாயமா என்று கேட்டால், எனக்கு அது நியாயமாகப் படவில்லை. திரும்பாமல் போன யாரோ சிலருக்காகத் திரும்பி வரும் பல்லாயிரவர் கட்டும் அபராதம் அது. ஆனாலும் கோப்பு தயாரிப்பவர் அந்த ஐயம் இருக்கிறது என்பதை ஏற்றுக்கொண்டே எழுத வேண்டியிருக்கிறது.

குறுகியகால விசா மறுப்பை எதிர்த்துப் பிரான்சின் நாந்த் நகரிலுள்ள விசா அதிகாரிக்கு 30 நாளுக்குள் முறையிடலாம். விடுபட்ட தாளைச் சேர்த்துப் புதிதாகவும் விண்ணப்பிக்கலாம். மறுப்பை மறைப்பது மட்டும் ஆகாது. ஷெங்கன் நாடுகளின் விசாத் தரவகத்தில் விண்ணப்பம் ஐந்தாண்டுகள் இருக்கும். முன்பு எங்காவது விசா மறுக்கப்பட்டதா என்று பிரிட்டனும் அமெரிக்காவும் படிவத்திலேயே கேட்கின்றன. அந்தத் தம்பி முறையிடவில்லை. 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா இல்லாமல் அனுமதி தரும் மலேசியாவுக்கு நண்பர்களோடு போய்ப் பத்துமலை முருகனைப் பார்த்துவிட்டு வந்தார். இப்போது அவருடைய கடவுச்சீட்டில் போனதற்கும் வந்ததற்குமான முத்திரைகள் இருக்கின்றன. அடுத்த முறை அவை பேசும்.

எங்கள் கடவுச்சீட்டுகள் உறையில் வந்து சேர்ந்தபோது மூவருக்கும் விசா ஒட்டப்பட்டிருந்தது. மகிழ்ச்சியில் உறையை அப்படியே அலமாரியில் வைத்துவிடாமல், அந்த ஒட்டுத்தாளை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். பெயரும் கடவுச்சீட்டு எண்ணும் சரியா என்பது முதல். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பது ஒன்று. எத்தனை நாள் தங்கலாம் என்பது வேறொன்று. பயணத் தேதி சற்றுத் தள்ளிப்போனாலும் பயன்படுத்திக்கொள்ளும்படி, ஒருமுறை நுழையும் விசாவில் தேதிகளின் இடைவெளியைத் தங்கும் நாள்களைவிடப் பதினைந்து நாள் கூடுதலாக வைத்துத் தருவது வழக்கம். அதைத் தங்குவதற்கான அனுமதி என்று நினைத்துக்கொண்டு, கடைசித் தேதி வரை இருந்துவிட்டுத் திரும்பும்போது மாட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். எத்தனை முறை நுழையலாம் என்பதும் அதிலேயே இருக்கிறது.

விசா இருப்பதால் மட்டும் எல்லையில் கேள்வியின்றி விட்டுவிட வேண்டும் என்பதில்லை. எல்லைக் காவலர் அதே தாள்களை மீண்டும் கேட்கலாம் என்பதால், முழுக் கோப்பின் நகலையும் கைப்பையில் எடுத்துச் சென்றோம். சார்ல் த கோல் விமான நிலையத்தில் எங்களிடம் எதையும் விரித்துக் காட்டச் சொல்லவில்லை. எங்கே தங்குகிறீர்கள் என்ற ஆங்கிலக் கேள்விக்கு அம்மா தாமாகவே “சார்செல், மா சேர்” என்று பதில் சொல்லிவிட்டார். தங்கை என்பதற்கான பிரெஞ்சுச் சொல் ஒன்று அவருடைய பள்ளிக்காலத்திலிருந்து மிஞ்சியிருந்தது எனக்கே அப்போதுதான் தெரியும். அன்று முத்திரை குத்தினார்கள். அதற்குப் பின், 2025 அக்டோபர் 12 முதல், முத்திரைக்குப் பதிலாக முகப்படத்தையும் கைரேகையையும் எல்லையிலேயே கணினியில் பதியும் முறையை ஷெங்கன் நாடுகள் படிப்படியாகத் தொடங்கியிருக்கின்றன. யார் எந்த நாளில் வெளியேறினார்கள் என்பது இனி மங்கிப்போன மையைப் பொறுத்ததாக இருக்காது.

இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கென 2024 ஏப்ரலில் வந்த ஏற்பாட்டின்படி, மூன்றாண்டுகளுக்குள் இரண்டு ஷெங்கன் விசாக்களை முறைப்படி பயன்படுத்தியவருக்குப் பலமுறை நுழையும் இரண்டாண்டு விசா கிடைக்க வழியுண்டு. கடவுச்சீட்டின் ஆயுள் இடம் கொடுத்தால் அதன் பின் ஐந்தாண்டு விசாவும் உண்டு. பதிந்த கைரேகைகள் 59 மாதங்கள் வரை மறுபடியும் பயன்படும் என்பதால், அந்தக் காலத்துக்குள் விண்ணப்பித்தால் அம்மா தம் விரல்களோடு மீண்டும் மல்லுக்கட்ட வேண்டியிருக்காது. சித்தியின் பேத்திக்கு அடுத்த ஆண்டு கல்யாணம் என்று பேச்சு வந்திருக்கிறது. ஓய்வூதிய ஆணையிலும் வங்கிக் கணக்கிலும் பெயரை ஒன்றாக்கும் விண்ணப்பத்தை அம்மாவே எழுதி, கையெழுத்திட்டு, என் மேசையில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.